சாலி எங்கே தேடுவாள்?

இரண்டு பொம்மைகள். ஒருத்தி சாலி, இன்னொருத்தி ஆன். சாலியிடம் ஒரு கூடை, ஆனிடம் ஒரு பெட்டி. சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். அவள் தலை மறைந்ததும் ஆன் அதை எடுத்துத் தன் பெட்டியில் போட்டுவிடுகிறாள். சாலி திரும்பி வருகிறாள். கோலியை எங்கே தேடுவாள்?

இவ்வளவுதான் கதை. 1985இல் லண்டனில் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃப்ரித் ஆகிய மூவரும் இதை 61 குழந்தைகளிடம் நடத்திக் காட்டிக் கேட்டார்கள். கதையின் வேர் ஆஸ்திரியாவில் இருந்தது. அங்கே விம்மரும் பெர்னரும் 1983இல் மாக்ஸி என்ற பையனையும் அவனுடைய சாக்லேட்டையும் வைத்து இதே மாதிரி ஒரு சோதனையை வெளியிட்டிருந்தார்கள்.

‘கூடையில்’ என்று சொல்வதற்கு, எனக்குத் தெரிந்தது சாலிக்குத் தெரியாது என்பது புரிந்திருக்க வேண்டும். நாலரை வயதை ஒட்டிய சாதாரணக் குழந்தைகள் 27 பேரில் 23 பேருக்குப் புரிந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள 14 பேரில் 12 பேருக்கும் புரிந்தது. ஆட்டிசம் உள்ள 20 பேரில் 4 பேர்தான் கூடையைக் காட்டினார்கள். மீதி 16 பேரும் கோலி உண்மையில் இருந்த இடத்தையே காட்டினார்கள். இத்தனைக்கும் கோலி முதலில் எங்கே இருந்தது, இப்போ எங்கே இருக்கு என்று கேட்டால் எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். ஞாபகப் பிசகு கிடையாது. புத்தி போதவில்லை என்றும் ஒதுக்கிவிட முடியாது. மனவயதுக் கணக்கில் இவர்கள் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு மேலே இருந்தார்கள்.

அழகான சோதனைதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த 4 பேர் மேல்தான் கண். ஊர் பேசியது 16 பேரைப் பற்றி மட்டுமே. பிறர் மனதை அறியாத குழந்தைகள் என்று பேச்சு பரவியது. 1995இல் பேரன்-கோஹன் தன் புத்தகத்துக்கே ‘மைண்ட்பிளைண்ட்னெஸ்’ என்று பெயர் வைத்தார். மனக்குருடு!

அதே 1995இல் வேறு இரண்டு முடிவுகளும் வந்தன. பிரான்செஸ்கா ஹாப்பே, ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் மொழித்திறன் 9 வயதுக்கு நிகராக வளரும்போது அவர்களில் பாதிப்பேர் இந்தக் கேள்வியைத் தாண்டிவிடுவார்கள் என்று கணக்கிட்டார். தாமதம்தான், இல்லாமை அல்ல. ஆஸ்திரேலியாவில் கேண்டிடா பீட்டர்சனும் மைக்கேல் சீகலும் காது கேளாத குழந்தைகளிடம் சைகை மொழியில் இதே கேள்வியைக் கேட்டார்கள். 8 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள்; ஆட்டிசம் இல்லை. அவர்களிலும் பெரும்பாலோர் தவறினார்கள். அடுத்து வந்த ஆய்வுகளில்தான் விஷயம் பிடிபட்டது. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, பிறந்ததிலிருந்தே வீட்டில் சைகை மொழியில் வளர்ந்த பிள்ளைகள் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாகச் சொன்னார்கள். வீட்டில் யாருக்குமே அந்த மொழி சரளமாக வராத பிள்ளைகள்தான் பின்தங்கினார்கள்.

யோசித்துப் பாருங்கள். ‘அத்தை கோவிச்சுக்கிட்டா போல’, ‘அவனுக்கு விஷயம் தெரியாது, உளறிடாதே’ என்று சாப்பாட்டு நேரத்தில் பெரியவர்கள் பேசுவதெல்லாம் பிறர் மனதைப் பற்றிய பாடம். அந்தப் பேச்சு எட்டாத பிள்ளை எங்கிருந்து கற்றுக்கொள்ளும்? ஆட்டிசமும் காது கேளாமையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. கற்க முடியாமல் போனால் குறையை முழுக்கக் குழந்தையின் தலைக்குள்ளேயே தேட வேண்டியதில்லை என்கிறேன்.

2012இல் டேமியன் மில்டன் இதை நேராகவே கேட்டார். அவர் சமூகவியலாளர், ஆட்டிசம் உள்ளவர். எங்களுக்கு உங்கள் மனம் புரியவில்லை என்கிறீர்களே, உங்களுக்கு எங்கள் மனம் புரிகிறதா என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். 2020இல் கேத்தரின் குரோம்ப்டன் குழு வெளியிட்ட ஆய்வில் 72 பேர், எல்லோரும் பெரியவர்கள். எட்டெட்டுப் பேராகச் சங்கிலி அமைத்து, ஒருவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்லவைத்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த சங்கிலியில் கதை, இல்லாதவர்களின் சங்கிலியில் போன அளவுக்கே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இரு தரப்பையும் கலந்து உட்காரவைத்த சங்கிலியில்தான் விவரங்கள் மளமளவென்று உதிர்ந்தன.