வழிபாட்டிலிருந்து விருந்துக்கு: சிங்கப்பூர் ‘சைம்ஸ்’ வளாகச் சிற்றாலயத்தின் பயன்பாட்டு மாற்றம்

ஆய்வுச்சுருக்கம்

சிங்கப்பூர் விக்டோரியா தெருவில் 1854 முதல் 1983 வரை இயங்கிய குழந்தை இயேசு கன்னியர் மடம், 1996இல் ‘சைம்ஸ்’ என்னும் பெயரில் உணவகங்களும் விருந்து மண்டபமும் கொண்ட வளாகமாகத் திறக்கப்பட்டது. கட்டடங்கள் காக்கப்பட்டன; அவற்றின் பயன் அடியோடு மாறியது. மரபுக் கட்டடப் பாதுகாப்பு எதைக் காக்கிறது, எதைக் கைவிடுகிறது என்னும் வினாவை இவ்வளாகத்தின் வரலாற்றை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிங்கப்பூர், கன்னியர் மடம், மரபுக் கட்டடப் பாதுகாப்பு, மறுபயன்பாடு, திருச்சபைச் சட்டம்.

முன்னுரை

வழிபாடு நின்றுபோன தேவாலயங்களை உணவகமாகவும் மண்டபமாகவும் மாற்றும் வழக்கம் பெரும்பாலும் ஐரோப்பா, வட அமெரிக்கா சார்ந்ததாகவே பேசப்படுகிறது. அங்கு அதற்குச் சொல்லப்படும் முதன்மைக் காரணம், ஆலயத்திற்கு வருவோர் எண்ணிக்கை குறைந்தமை. சிங்கப்பூர்க் கன்னியர் மடத்தின் நிலை வேறு. அங்கு இறைமக்கள் குறையவில்லை. பள்ளியில் மாணவியரும் குறையவில்லை. நகர்மையத்தின் நிலத்தேவையே மடத்தை இடம்பெயர்த்தது. இவ்வேறுபாட்டைக் கருதாமல் மேற்கத்திய விளக்கத்தை அப்படியே இங்குப் பொருத்துவது பிழையாகும்.

மடமும் சிற்றாலயமும்

வளாகத்தின் மிகப் பழைய கட்டடம் கால்டுவெல் இல்லம். நீதித்துறை எழுத்தரான கால்டுவெல் என்பவருக்காக 1840–41இல் கட்டடக்கலைஞர் ஜார்ஜ் கோல்மன் அதனை அமைத்தார். (திராவிட மொழி ஒப்பிலக்கண ஆசிரியர் கால்டுவெல்லுக்கும் இவருக்கும் தொடர்பில்லை.) பிரெஞ்சு மறைப்பணியாளரான அருட்தந்தை பெரெல் இவ்வீட்டைக் கன்னியர்க்கென வாங்கினார். 1854இல் அன்னை மத்தில்ட் ராக்லோ தலைமையில் வந்த அருட்சகோதரியர் அங்குப் பள்ளியைத் தொடங்கினர். கட்டணம் செலுத்திப் பயில்வோர்க்கு ஒரு வகுப்பு, ஆதரவற்ற சிறுமியர்க்கு ஒரு வகுப்பு என இரண்டாகவே அது தொடங்கியது. உடன் அனாதை இல்லமும் எழுந்தது.

விக்டோரியா தெருவின் பக்கத்திலுள்ள சிறு வாயிலில் பச்சிளங்குழந்தைகளைப் பெற்றோர் விட்டுச்செல்வது பல்லாண்டுகள் நடந்தது. அவ்வாயில் ‘நம்பிக்கை வாயில்’ எனப் பெயர்பெற்றது. அங்கு விடப்பட்டவருள் பெரும்பாலோர் பெண்மகவுகள். வறுமையும், பெண்மகவை வேண்டாச் சுமையாகக் கருதிய மனப்பாங்கும் இதன் பின்னணியில் இருந்தன. அச்சிறுமியர் மடத்திலேயே வளர்ந்து, எழுத்தும் தையலும் சமையலும் கற்றனர். மடத்தின் வரலாற்றில் சோறு என்பது தொடக்கத்திலிருந்தே அறத்தோடு கட்டுண்ட பொருள். பின்னர் அதே முற்றங்களில் உணவு விலைப்பொருளானதை மதிப்பிடுகையில் இதனை மறத்தலாகாது.

பழைய சிற்றாலயம் சிதைந்தமையால் புதியது கட்டப்பட்டது. அருட்தந்தை சார்ல்ஸ் பெனடிக்ட் நேன் வரைந்த கோதிக் பாணித் திட்டப்படி எழுந்த அது 1904இல் அருட்பொழிவு செய்யப்பட்டது. ஐந்தடுக்குக் கோபுரமும், பெல்ஜியத்தின் புரூஜ் நகரக் கலைஞர் ஜூல்ஸ் டொபெலாரின் வண்ணக்கண்ணாடிச் சாளரங்களும் அதன் சிறப்புகள். சிற்றாலயத்திலும் நடைக்கூடங்களிலும் உள்ள 648 தூண்தலைப்புகளில் வெப்பமண்டலச் செடிகளும் பறவைகளும் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. ஐரோப்பியப் பாணி உள்ளூர்த் தாவரங்களுக்கு இடம்கொடுத்த அருமையான சான்று இது.

1983: புனித நிலை நீங்கல்

மடத்தின் நிலம் நகர மறுசீரமைப்புக்காக அரசிடம் சென்றது. பள்ளி தோ பாயோவிற்குப் பெயர்ந்தது. 1983 நவம்பரில் சிற்றாலயத்தில் இறுதித் திருப்பலி நிறைவேறியது. அதன்பின் அது புனித நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டது. வளாகத்தின் சில பள்ளிக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன.

வழிபாட்டிற்குரிய கட்டடம் உலகியல் பயனுக்கு விடப்படும்போது அப்பயன் ‘இழிவானதாக இருத்தலாகாது’ என்பது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் நிலைப்பாடு. 1917ஆம் ஆண்டுத் தொகுப்பிலும், 1983 நவம்பர் 27இல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பிலும் தேவாலயங்கள் குறித்த விதியில் இச்சொல்லாட்சி உண்டு. எது இழிவு என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை. உரிமை கைமாறிய பின்னர் அவ்விதியை யார் காப்பது என்பதற்கும் அதில் விடையில்லை. பிற்காலச் சிக்கல் அனைத்தும் இவ்விடைவெளியில் முளைத்தது எனலாம்.

1990–1996: காத்தலும் மாற்றலும்

1990இல் சிற்றாலயமும் கால்டுவெல் இல்லமும் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அதன்பின் வளாகம் தனியார் முதலீட்டில் சீரமைக்கப்பட்டது. பிரெஞ்சுக் கட்டடப் பாதுகாப்பு வல்லுநர் திதியே ரெப்பலின் இப்பணியில் ஈடுபட்டார். வண்ணக்கண்ணாடிச் சாளரங்கள் செப்பனிடப்பட்டன. நினைவுச்சின்னங்களின் உயரத்தையும் தோற்றத்தையும் மறைக்காமல் கூடுதல் இடம் பெறவேண்டியிருந்தது. அதற்கெனத் தரைமட்டத்திற்குக் கீழே முற்றம் அகழப்பட்டு, அதனைச் சூழ உணவகங்களும் கடைகளும் அமைக்கப்பட்டன. தொழில்நுட்ப நோக்கில் இது நல்ல தீர்வு. சிற்றாலயத்தினுள் அடுப்பறையோ இடைத்தளமோ நுழைக்கப்படாமல், மையக்கூடம் ஒரே வெளியாக நிலைத்தது இதனாலேயே. அது திருமணம், இசை நிகழ்ச்சி, விருந்து ஆகியவற்றுக்கான மண்டபமாயிற்று.

பெயர் சூட்டலும் கூர்ந்து நோக்கத்தக்கது. ஆங்கிலத்தில் மடத்தின் பெயரிலுள்ள நான்கு முதலெழுத்துகள் புதிய பெயரின் தொடக்கத்தில் வைக்கப்பட்டன. ஒலிப்பிலோ அது மணியோசையைக் குறிக்கும் சொல்லாயிற்று. எழுத்தில் மடம் நிலைக்க, செவியில் அது மறைந்தது. 2002இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் இவ்வளாகம் சிறப்பிடம் பெற்றது.

அதே 1996இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் திருமுழுக்கு யோவான் தேவாலயம் மதுவடிப்பாலையுடன் கூடிய உணவகமாயிற்று. அங்குப் பலிபீடம் இருந்த இடத்திலேயே வடிகலன்கள் நிறுத்தப்பட்டன. இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டில் அனைத்துப் புனிதர் தேவாலயம் 1997இல் மூன்றாம் வழியைக் காட்டியது: வழிபாடு தொடர, அதே கூரையின்கீழ் சிற்றுண்டியகம் திறக்கப்பட்டது. அங்கு உணவு ஆலயத்தைப் பிழைக்கவைத்தது. பிட்ஸ்பர்க்கில் கட்டடத்தை மட்டும் பிழைக்கவைத்தது. சிங்கப்பூர் மண்டபம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. வழிபாடு இல்லை, ஆயினும் வழிபாட்டின் தோற்றம் முழுமையாகப் பேணப்பட்டு, அத்தோற்றமே விற்பனைக்குரிய மதிப்பாயிற்று. திருமண இணையர் வாடகைக்குப் பெறுவது கூடத்தை மட்டுமன்று. ஆலயத்தில் நிற்பது போன்ற உணர்வையும்தான். 2018இல் வெளிவந்த ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ திரைப்படத்தின் திருமணக் காட்சி இம்மண்டபத்தில் படமாக்கப்பட்டமை தற்செயலன்று.

2012: எதிர்ப்பு

தோற்றத்திற்கும் நினைவுக்கும் இடையிலான இழுபறி 2012இல் வெளிப்பட்டது. ஏப்ரல் 7, புனித சனியன்று, மண்டபத்தில் கேளிக்கை நிகழ்ச்சியொன்று அறிவிக்கப்பட்டது. அதன் விளம்பரங்களில் கன்னியர் உடையைக் கேலிசெய்யும் வகையில் ஆடையணிந்த பெண்கள் இடம்பெற்றனர். கத்தோலிக்கர் எதிர்த்தனர், பேராயர் நிக்கோலஸ் சியா கண்டனம் தெரிவித்தார், நிகழ்ச்சி கைவிடப்பட்டது.

இதனைச் சமய உணர்வு புண்பட்ட நிகழ்வாக மட்டும் காண்பது போதாது. சட்டப்படி அக்கட்டடம் 29 ஆண்டுகளாகச் சிற்றாலயமாக இல்லை. புனித நிலை நீக்கம் ஓர் ஆவணச் செயலாக முடிந்துவிட்டது; அங்குப் பயின்றவர் மனத்தில் அது முடியவில்லை. கோபுரத்தையும் சாளரங்களையும் குறைவின்றிக் காத்த பாதுகாப்பே அந்நினைவையும் உயிர்ப்புடன் வைத்திருந்தது. மண்டபத்தின் மதிப்பை உயர்த்திய அதே தோற்றம் அதன் பயன்பாட்டுக்கு எல்லையும் வகுத்தது. அவ்வெல்லையை வகுத்தது நினைவுச்சின்னச் சட்டமன்று. அது கல்லையும் கண்ணாடியையும் காப்பதே தவிர, உள்ளே நடப்பதை அளப்பதில்லை. பொதுமக்களின் எதிர்ப்பே அவ்வேலையைச் செய்தது.

2018இல் ரோமில், வழிபாடு நின்ற ஆலயங்கள் குறித்துக் கூடிய மாநாட்டையொட்டி வத்திக்கானின் பண்பாட்டு மன்றம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பண்பாட்டு, சமூகப் பயன்பாடுகளுக்கு முன்னுரிமை தந்து, ஆதாய வேட்டைக்கான வணிகப் பயன்பாட்டை அது விலக்கியது. சைம்ஸ் திறக்கப்பட்டு 22 ஆண்டுகளுக்குப் பின் வந்த நெறி அது. எனினும், வணிகம் நுழையாதிருந்தால் அக்கட்டடங்களைப் பேணும் செலவை யார் ஏற்றிருப்பர் என்ற கேள்விக்கு அந்நெறிகளில் எளிய விடை கிடைப்பதில்லை.

உண்போர் கூட்டத்தால் மாலைவேளைகளில் முற்றம் நிறைகிறது. விக்டோரியா தெருப் பக்கத்திலுள்ள நம்பிக்கை வாயில் இன்றும் நிற்கிறது. அங்கு விடப்பட்ட குழந்தைகளின் வரலாறு, கோல்மனின் கட்டடக்கலை வரலாற்றைப்போல் விரிவாக எழுதப்படவேண்டிய பணியாக உள்ளது.