பாஸ்கரதாஸின் பாட்டும் இசைத்தட்டும்

தூத்துக்குடி கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு பழைய வீட்டை இடிக்கப்போகிறார்கள், உள்ளே கிராமபோன் தட்டுகள் கிடக்கின்றன என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். ஐம்பது தட்டுகள் இருக்கலாம். உறைகள் பொடிந்துவிட்டன. லேபிள்களில் பூசணம். பாதி, விரிசல் கண்டவை. அவற்றில் ஒன்று கே.பி. சுந்தராம்பாள் காந்தியைப் பரம ஏழையான துறவியாக வைத்துப் பாடிய பாட்டு. பாடியவர் பெயரை வாசிக்க முடிந்தது. எழுதியவர் பெயர் கண்ணில் படவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டேன். “யாரு எழுதுனா என்ன தம்பி, பாடுறது அந்தம்மாதானே” என்றார்.

எழுதியவர் இந்த மாவட்டத்துக்காரர். விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் நாகலாபுரத்தில் 1892-ல் வெள்ளைச்சாமி என்ற பெயரில் பிறந்து, மதுரை நாடக உலகில் மதுரகவி பாஸ்கரதாஸ் ஆனவர். 1952 டிசம்பரில் அதே நாகலாபுரத்தில் இறந்தார். தமிழின் முதல் பேசும்படம் என்று சொல்லப்படும் ‘காளிதாஸ்’ (1931) படத்துக்குப் பாட்டெழுதியவர் என்ற ஒற்றை வரியில் சினிமாக்காரர்கள் அவரை முடித்துவிடுகிறார்கள். இலக்கியக்காரர்களான நாம் அந்த ஒரு வரியையும் தரவில்லை.

அவருடைய பாட்டு எப்படி வேலை செய்தது என்பதற்கு ஸ்பெஷல் நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பெனி நாடகம் போல அல்ல அது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக அமர்த்தி, ஒத்திகை எதுவுமில்லாமல் அன்றிரவே மேடையேற்றுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் அமைத்துக் கொடுத்த ‘வள்ளி திருமணம்’, ‘கோவலன்’, ‘பவளக்கொடி’ எல்லாருக்கும் மனப்பாடம். கதை தெரியும், வசனம் ஏறக்குறைய தெரியும், மிச்சம் அன்றைய ராத்திரியின் காரியம். (சுவாமிகளும் இதே மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டிக்காரர். இந்தக் கரிசல் மண்ணுக்கும் நாடகத்துக்கும் உள்ள உறவு தனியே எழுத வேண்டிய விஷயம்.) அந்த மிச்ச இடத்தில்தான் பாஸ்கரதாஸின் பாட்டு நுழைந்தது. 1919-ல் பஞ்சாபில் நடந்த படுகொலையைப் பற்றிய அவரது பாட்டு எந்த நாடகத்திலும் பொருந்தியது. எதிலும் பொருந்தவில்லை என்றும் சொல்லலாம். கேட்டவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

கொக்குப் பாட்டு இதில் உச்சம். வள்ளி காவல் காக்கும் தினைப்புனம். பறவைகளை விரட்ட வேண்டிய இடம். விசுவநாததாஸ் அங்கே வெள்ளைக் கொக்கு ஒன்றைப் பற்றிப் பாடுகிறார். பாட்டில் இருப்பது கொக்கு மட்டும்தான். கொட்டகையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது எந்த வெள்ளை என்று தெரியும். முன்வரிசைப் போலீஸ்காரருக்கும் தெரியும். கொக்கு என்ற சொல்லுக்காக ஒருவரை எந்தப் பிரிவில் கைது செய்வது என்பதுதான் அவருக்குத் தெரியாது. ஆனாலும் கைது செய்தார்கள். விசுவநாததாஸ் பலமுறை சிறை போய் வந்தார். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகளும் உண்டு. 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர் விட்டார்.

1876-ம் வருஷத்து நாடகச் சட்டம், பத்திரிகைச் சட்டங்கள், ராஜத்துவேஷப் பிரிவு எல்லாம் சர்க்காரிடம் இருந்தன. மலிவான பாட்டுப் புத்தகங்களைத் தடை செய்தார்கள், பறிமுதல் செய்தார்கள். புத்தகத்தில் இருப்பதைப் படித்துப் பார்த்துத் தடை செய்யலாம். மேடையில் நடப்பதை அப்படிப் பிடிக்க முடியவில்லை. பாட்டின் பாதி சொல்லில் இருந்தது, மறுபாதி பாடுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் இடையே நின்ற போலீஸ்காரரில் இருந்தது. தியடோர் பாஸ்கரன் 1981-ல் வெளியிட்ட ஆங்கில நூல் இந்தச் சரித்திரத்தை முதன்முதலில் ஒழுங்காகத் திரட்டித் தந்தது. அதைப் படித்த பிறகும் என் மனத்தில் நின்ற கேள்வி ஒன்று: இந்தப் பாட்டுகள் தட்டுக்குப் போனபோது என்ன ஆயிற்று?

முதலில் நேரம். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிஷம். மேடையில் ‘ஒன்ஸ்மோர்’ கேட்கக் கேட்க நீண்ட பாட்டு, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே மூச்சு வாங்க இடமில்லாமல் சுருங்கியது. அடுத்து, தட்டை யார் செய்தார்கள் என்பது. காந்தியைப் பாடிய தட்டுகளை அழுத்தி விற்றவர்களில் பிரிட்டிஷ் முதலாளிகள் முக்கியமானவர்கள். கிராமபோன் கம்பெனி 1928-ல் கல்கத்தாவை அடுத்த டம்டத்தில் பெரிய ஆலை கட்டியது. எச்.எம்.வி.யும் கொலம்பியாவும் 1931-ல் லண்டனில் ஒரே கம்பெனியாயின. தேசபக்தி விற்றது, ஆகவே விற்றார்கள். இதில் அதிசயிக்க ஒன்றுமில்லை.

விற்றது எந்தத் தேசபக்தி என்பதுதான் கவனிக்க வேண்டியது. துறவி, ஏழை, கதர், ராட்டை, கண்ணீர். இவை எந்த வீட்டுக் கூடத்திலும் ஒலிக்கலாம். கொக்கைத் தட்டில் ஏற்றினால் அது வெறும் பறவைப் பாட்டாகிவிடும். முன்வரிசையில் போலீஸ்காரர் உட்கார்ந்திராத கூடத்தில் அதற்குச் சிரிக்கவோ கைதட்டவோ எவரும் இல்லை. இன்று தட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் காலத்தைக் கேட்கிறவனுக்கு, அக்காலத் தமிழர்கள் காந்தியை நினைத்து உருகிக்கொண்டே இருந்தார்கள் என்று தோன்றும். அவர்கள் கேலி செய்தார்கள், வம்புக்கு இழுத்தார்கள், சிரித்தார்கள் என்பது தட்டில் இல்லை. பாஸ்கரதாஸின் பதிவான பகுதி அவருடைய சாதுவான பகுதி என்று எனக்குப் படுகிறது.

சினிமாவிலும் இதேதான். ‘காளிதாஸ்’ கதைக்கும் ராட்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் டி.பி. ராஜலட்சுமி அதில் காந்தியின் ராட்டையைப் பாடினார். ஸ்பெஷல் நாடகத்தின் பழைய உரிமை, கதையை நிறுத்திவிட்டு ஊர் விஷயம் பாடும் உரிமை, அப்படியே திரைக்கு வந்தது. அந்தப் படத்தின் பிரதி இன்று எங்கும் இல்லை.

அமெரிக்காவில் நாட்டுப்புறப் பாணிக் கிராமியப் பாடகர்கள் சிலர், வில்லி நெல்சன், வேலன் ஜென்னிங்ஸ் முதலானோர், தங்களைச் ‘சட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள்’ என்று அழைத்துக்கொண்டதை நண்பர்கள் அறிவார்கள். 1976-ல் அந்தப் பெயரை அட்டையில் போட்டே ஒரு தொகுப்பு வந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அவர்கள் மீறியது சர்க்காரின் சட்டத்தை அல்ல, நாஷ்வில் ஊர்த் தயாரிப்பாளர்களின் சட்டத்தை. எந்த வாத்தியக்காரரை வைத்துக்கொள்வது, எந்தப் பாட்டைப் பாடுவது என்பதைத் தாங்களே தீர்மானிக்கக் கேட்டார்கள், கிடைத்தது. நியாயமான சண்டைதான். ஆனால் சட்டமீறல் அங்கே பாடுகிறவனின் பெயரைப் பெரிதாக்கியது. இங்கே பெயர் தெரியாமல் போவது பாட்டுக்குப் பாதுகாப்பு. ஊர் ஊராகப் போன பாட்டை எழுதியவன் பெயர் ஒட்டிக்கொண்டே போக வேண்டிய அவசியமில்லை. ஆபத்து நீங்கிய பிறகும் அந்தப் பெயரை யாரும் திரும்ப ஒட்டவில்லை.

எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (கடைசியாக 1961) எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு மூழ்கியவருக்கு என்பது கணக்கு. அநியாயம் என்றுதான் பழைய ஆட்கள் சொல்வார்கள். தட்டு வியாபாரத்தில் பாட்டெழுதியவருக்கு அந்தப் பங்குகூட எழுதப்படாத கணக்கு.

நம் பங்குக்கு நாமும் செய்தோம். 1959-ல் ‘எழுத்து’ தொடங்கியதிலிருந்து கவிதையைப் பாட்டிலிருந்து பிரித்தெடுப்பதே நம் வேலையாக இருந்தது. அது தேவையான வேலை, அதைக் குறை சொல்லவில்லை. பாரதியைக் காப்பாற்றிக்கொண்டோம். தடை செய்யப்பட்ட இன்னொரு பாட்டுக்காரரை ‘நாடகப் பாட்டு’ என்று ஒதுக்கிவிட்டோம். நானே ஒரு கூட்டத்தில், மெட்டுக்கு எழுதியதெல்லாம் கவிதையின் சரித்திரத்தில் சேராது என்று பேசியிருக்கிறேன். இப்போது அப்படிப் பேசமாட்டேன். அதற்காகப் பாஸ்கரதாஸ் மகாகவி என்று சொல்லத் துணியவும் இல்லை. காகிதத்தில் படித்தால் பல பாட்டுகள் தட்டையானவை. எதுகைக்காக வந்த சொற்கள் மலிந்தவை. பக்திப் பாட்டுகளில் முன்பே கேட்ட அடைமொழிகளே திரும்பத் திரும்ப. ஆனால் காகிதம் அவற்றின் இடம் அல்ல. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்க மேல் ஸ்தாயியில் பாட வேண்டிய குரலுக்கு எழுதியவை. நீண்ட உயிர் எழுத்துகள் எங்கே விழுகின்றன என்று பார்த்தால், தொழில் தெரிந்த ஒருவரின் காது தெரியும். சிலேடையை அவர் வித்வான்களைப் போல அலங்காரமாகப் பயன்படுத்தவில்லை. தப்பிக்கும் வழியாகப் பயன்படுத்தினார். அந்த விதத்தில் அவர் நம் காலத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறார்.

அவருடைய நாட்குறிப்புகள் பேரன் முருகபூபதியின் பதிப்பில் அச்சாகியிருக்கின்றன. இன்னொரு பேரன் கோணங்கியை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1917-ல் தொடங்கி முப்பது வருஷங்களுக்கு மேல் நீளும் குறிப்புகள். உணர்ச்சி வெளிப்பாடு கிடையாது, பெரும்பாலும் சுருக்கமான அன்றாடம். கவிஞனின் அந்தரங்கத்தைத் தேடுகிறவருக்கு ஏமாற்றம்தான். எனக்கு அந்த வறட்சி பிடித்திருந்தது. பாட்டெழுதுவதைத் தச்சுவேலை போலச் செய்த ஒருவர், தன் கைப்பட விட்டுச்சென்ற ஒரே நீண்ட பதிவு அது.

கடற்கரைச் சாலை வீட்டில் அந்தத் தட்டை ஒருமுறை சுழலவிட்டுக் கேட்டோம். விரிசல் மேல் முள் ஏறி இறங்கும் சத்தம் பாட்டுக்குத் தாளம் போல விழுந்துகொண்டே இருந்தது. குரல் தெளிவாக இருந்தது. தட்டுகளை மொத்தமாகத்தான் தருவேன் என்றார் வீட்டுக்காரர். விலை எனக்குக் கட்டவில்லை. அடுத்த வாரம் பணத்தைப் புரட்டிக்கொண்டு போனபோது மதுரையிலிருந்து யாரோ வந்து எடுத்துப் போயிருந்தார்கள்.