வைகைக் கரை அணிகள்: ஒரு வரைபடக் கற்பனை

ஒரு கல்லூரியின் கால்பந்து அணி எவரோடு மோத வேண்டும் என்பதை அந்தக் கல்லூரி தீர்மானிப்பதில்லை. அது எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறதோ அந்த இணைப்புதான் தீர்மானிக்கிறது. கல்லூரி விளையாட்டின் வரலாற்றைச் சொல்பவர்கள் வீரர்களையும் கோப்பைகளையும் சொல்கிறார்கள். அவற்றுக்கு அடியில் கிடக்கும் வரைபடத்தை நாம் அதிகம் கவனிப்பதில்லை. இக்கட்டுரை அந்த வரைபடத்தைப் பற்றியது.

இதை எழுதத் தூண்டியது அமெரிக்கச் செய்தி ஒன்று. அங்கே கல்லூரிகள் அண்டைக் கல்லூரிகளோடு சேர்ந்து விளையாட்டுக் கூட்டமைப்புகளை அமைத்துக்கொண்டன. 1896-இல் மத்திய மேற்குப் பகுதியில் தோன்றிய ‘பிக் டென்’ அவற்றுள் பழமையான ஒன்று. கால்பந்து என்று அவர்கள் சொல்வது கையால் எறிந்து விளையாடும் அவர்களுடைய ஆட்டத்தை. 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்புக்குப் பின் தொலைக்காட்சி உரிமையை விற்கும் அதிகாரம் கல்லூரிகளிடமும் கூட்டமைப்புகளிடமும் வந்தது. நிலவியலின் இடத்தைப் பணம் மெல்லப் பிடித்துக்கொண்டது. 2024-இல் பசிபிக் கரையின் பழம்பெரும் கூட்டமைப்பு சிதறி, அதில் எஞ்சியவை இரண்டே கல்லூரிகள். லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரிகள் நியூ ஜெர்சி கல்லூரியோடு ஒரே கூட்டமைப்பில் சேர்ந்தன. பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்ஃபோர்டு ‘அட்லாண்டிக் கரை’ என்ற பெயருள்ள கூட்டமைப்பில் உறுப்பினரானது. நம் ராமேஸ்வரத்துக் கல்லூரி ஒன்று அரபிக்கடல் கல்லூரிகளின் சங்கத்தில் சேர்ந்ததைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைப் படித்துச் சிரிக்கும் உரிமை நமக்கு உண்டா என்று யோசித்தால், இல்லை என்றே தோன்றுகிறது.

மதுரையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கன் கல்லூரி 1881-இல் பசுமலையில் தொடங்கிப் பின்னர் வைகையின் வடகரைக்கு வந்தது. மதுரைக் கல்லூரி 1889-இல் தென்கரையில் தோன்றியது. இரு கரைகளையும் இணைக்கும் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறக்கப்பட்டதும் அதே 1889-இல்தான். அதன் பின் 1948-இல் லேடி டோக், 1949-இல் தெப்பக்குளத்தருகே தியாகராசர் கல்லூரி, 1953-இல் பாத்திமா. இவை யாவும் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் பிறந்தது. தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் அதன் முதல் துணைவேந்தர். 1978-இல் அதற்குக் காமராசர் பெயர் சூட்டப்பட்டது. மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி என அன்றைய தென் மாவட்டங்கள் எல்லாம் அதன் எல்லைக்குள் அடங்கின.

கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளிலிருந்து பல்கலைக்கழக அணி தேர்ந்தெடுக்கப்படும். அந்த அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே முன்னணியில் வந்தால் அகில இந்தியப் போட்டிக்கு. இப்போட்டிகளை நடத்தும் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் 1925-இல் வேறு பெயரில் தோன்றிய அமைப்பு. சாதாரணக் குடும்பத்துப் பையனுக்கு இந்தப் படிவரிசை வெறும் பெருமை அன்று. பல்கலைக்கழக அணியில் ஆடியதற்கான சான்றிதழ் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு வழி திறக்கக்கூடும். ஆகவே வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்தால் ஒருவன் வாழ்க்கையும் சற்று நகர்கிறது.

கோடுகள் நகர்ந்துகொண்டேதான் இருந்தன. கொடைக்கானலில் 1984-இல் மகளிருக்கென்று அன்னை தெரசா பல்கலைக்கழகம். 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் எழுந்து, நெல்லையும் தூத்துக்குடியும் கன்னியாகுமரியும் மதுரையை விட்டுச் சென்றன. காரைக்குடியில் 1985-இல் தோன்றிய அழகப்பா பல்கலைக்கழகத்திற்குச் சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகள் பின்னர் சென்றன. நிலப்பரப்பின்படி நடந்த பிரிவினை இது. இன்னொரு பிரிவினை படிப்பின்படி நடந்தது. மருத்துவக் கல்லூரிகள் 1988-இல் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திற்கும், பொறியியல் கல்லூரிகள் 2001-இல் அண்ணா பல்கலைக்கழகத்திற்கும் போயின. உடற்கல்விக்கே 2005-இல் தனிப் பல்கலைக்கழகம் வந்தது. ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே மைதானத்தில் பந்தை உதைத்த இருவரில் ஒருவன் பொறியியலும் மற்றவன் வரலாறும் எடுத்தால், கல்லூரிப் போட்டியில் அவர்கள் எதிரெதிரே நிற்கும் வாய்ப்பு அன்றோடு முடிந்தது.

பொறியியல் கதையில் ஒரு கிளைக்கதை உண்டு. 2007-இல் அண்ணா பல்கலைக்கழகம் சென்னை, கோவை, திருச்சி, திருநெல்வேலி எனப் பிரிக்கப்பட்டது. 2010-இல் மதுரைக்கும் ஒன்று கிடைத்தது. ஆட்சி மாறியபின் சட்டம் மாறி, 2012-இல் யாவும் மீண்டும் ஒன்றாயின. நான்கு ஆண்டுப் படிப்பில் 2009-இல் சேர்ந்த மாணவன் ஒருவன் கல்லூரியை விட்டு நகராமலே மூன்று பல்கலைக்கழகங்களைப் பார்த்திருக்கக்கூடும்.

இதற்கெல்லாம் மூத்த உதாரணம் நாகர்கோவிலின் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியபின் அங்கே சென்றது. 1956-இல் மாநிலங்கள் மாறியதும் மீண்டும் சென்னை. 1966-க்குப் பின் மதுரை. 1990-க்குப் பின் சுந்தரனார். கட்டடம் ஓரடி கூட நகரவில்லை.

பிரிவினைகளை இழப்பாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது. கன்னியாகுமரிக் கடற்கரையில், தூத்தூர் போன்ற மீனவ ஊர்களில், கால்பந்து குழந்தைகளின் காலோடு பிறப்பது. 1990-க்கு முன் அந்தக் கரைப் பையன் பல்கலைக்கழக அணிக்கு வர வேண்டுமென்றால் சுமார் 240 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மதுரையின் கண்ணில் பட வேண்டும். நான்கு மாவட்டங்களுக்கும் சேர்த்துக் களத்தில் பதினொரு இடங்கள்தாம். பல்கலைக்கழகம் இரண்டானபோது இடங்கள் இருபத்திரண்டாயின. மதுரைக்காரர் புலம்பும் பிரிவினை நாகர்கோவில்காரருக்கு ஒரு கதவு. அமெரிக்க மாற்றத்துக்கும் நம்முடையதற்கும் முக்கியமான வேறுபாடு இதுதான். அங்கே கோட்டை நகர்த்தியது விளம்பரப் பணம். இங்கே நகர்த்தியது சட்டமன்றம். அதில் பிராந்தியங்களின் நியாயமான கோரிக்கையும் கலந்திருந்தது.

எனினும் ஒன்று தவறிப்போயிற்று. மதுரையிலிருந்து சிவகங்கை செல்லும் சாலையில் பூவந்தியில் ஒரு மகளிர் கல்லூரி இருக்கிறது. மதுரை நகரப் பேருந்தில் வரும் பெண்களும் அங்கே படிக்கக்கூடும். ஆனால் மாவட்டக் கோட்டின் காரணமாக அக்கல்லூரியின் அணி காரைக்குடியைப் பார்த்து நிற்கிறது. லேடி டோக்கையும் பாத்திமாவையும் அல்ல.

ஒரு கற்பனை செய்து பார்ப்போம். மாவட்ட எல்லைகளை அழித்துவிட்டு ஆற்றின்படி அணிகளைச் சேர்த்தால்? வைகை வருசநாட்டு மலையில் தோன்றித் தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களைத் தொட்டுச் செல்கிறது. உத்தமபாளையத்து ஹாஜி கருத்த ராவுத்தர் கல்லூரி, திருவேடகம் விவேகானந்த கல்லூரி, மதுரையின் இருகரைக் கல்லூரிகள், மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என ஓர் அழகான வரிசை கிடைக்கிறது. பொறியியல், மருத்துவம் என்ற வேலியும் இல்லை. ஆனால் மகிழ்வதற்கு முன் வரைபடத்தின் தெற்கையும் மேற்கையும் பார்க்க வேண்டும். விருதுநகரும் சிவகாசியும் வைப்பாற்றைச் சேர்ந்தவை. பழநியின் நீர் அமராவதிக்குப் போகிறது. ஆற்றின் கணக்குப்படி இவை வெளியே. இத்தனை ஆண்டுகள் மதுரையோடு மோதிய விருதுநகர்க் கல்லூரியை எந்த நியாயத்தில் விலக்குவது? எந்தக் கோடும் யாரோ ஒருவருடைய பழைய எதிராளியைப் பறித்துக்கொண்டுதான் போகிறது. சட்டம் வரைந்தாலும் சரி, பணம் வரைந்தாலும் சரி, ஆறே வரைந்தாலும் சரி.

ஆகவே கோட்டை மாற்றுவதைவிடக் கோட்டைத் தாண்டி அழைக்கும் வழக்கத்தைக் காப்பாற்றுவதே ஆகக்கூடியது என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகமும் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் 2024-இல் கூட்டமைப்பால் பிரிந்தன. ஆனால் அதே ஆண்டு, புள்ளிக் கணக்குக்கு வெளியே, ஒன்றையொன்று அழைத்து விளையாடின. வாஷிங்டன் மாநிலத்தின் இரு பல்கலைக்கழகங்களும் அப்படியே செய்தன. கூட்டமைப்பு யாருடையதாக இருந்தாலும் அண்டை வீட்டுக்காரனோடு ஆடும் ஆட்டத்தை விடுவதில்லை என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

அதற்குச் சட்டமன்றம் தேவையில்லை. இரண்டு உடற்கல்வி இயக்குநர்கள், ஒரு மைதானம், மழையில்லாத ஒரு மாலை போதும். தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை, பொறியியல் கல்லூரியும் கலைக் கல்லூரியும் சேர்ந்து, வைகையின் பெயரில் ஆண்டுக்கொரு போட்டி நடந்தால் எந்தப் பல்கலைக்கழகத்தின் உரிமையும் பறிபோகாது. ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டிலும் அதை நடத்தலாம்.