பரு

பருத்தல் என்னும் வினையிலிருந்து வந்தது ‘பரு’. பருமன், பரிய என்பவை அதன் உறவுச் சொற்கள். பருவ வயதில் வருவதால்தான் அப்பெயர் என்பாரும் உண்டு. பதின்வயதில் அது மிகுதி என்பது மெய்தான்; ஆனால் முப்பதைக் கடந்தோருக்கும் பரு வருகிறது. ‘பருவம்’ என்ற சொல்லையோ வடமொழிப் ‘பர்வன்’ வழி வந்ததாகவே அகராதியாளர் கொள்வர். ஆக, பெயர் சொல்வது கண்ணுக்குத் தெரியும் புடைப்பை மட்டுமே. நோயோ அதற்குச் சில வாரங்கள் முன்பே, எண்ணெய்ப்பசையும் இறந்த செல்களும் மயிர்க்காலின் வாயை அடைக்கும்போதே தொடங்கிவிடுகிறது. அதனால்தான் பருவுக்கான அடாபலீன் களிம்பைப் புடைப்பின்மேல் மட்டும் வைக்காமல், பரு வரும் இடம் முழுவதும் மெல்லிதாகப் பூசச் சொல்கிறார்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். ஒரே வாரத்தில் களிம்பைக் கைவிடுவோருக்கு இது தெரிந்தாக வேண்டும். ‘முகப்பரு’ என்பதும் குறுகிய பெயரே: மார்பிலும் முதுகிலும் அது வரும்.