குழந்தைப் பருவத் துயரமும் மரபணு மெத்திலேற்றமும்: ஒரு கருதுகோளின் வரலாறு

சிறு வயதில் வதைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானவர்களுக்கு நடுவயதில் இதயநோயும் மனச்சோர்வும் கூடுதலாக வருகின்றன. இதை மறுப்பவர் இன்று அரிது. எவ்வழியாக வருகின்றன என்பதில்தான் வழக்கு. ‘துயரம் மரபணுவில் பதிந்துவிடுகிறது’ என்ற விடை ஆய்வுக்கூடத்தைத் தாண்டி மேடைப் பேச்சு வரை வந்துவிட்டது. அந்த விடையில் எந்தக் கண்ணி உறுதியானது, எது நைந்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதன் ஒரு தொடக்கம் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில். 1980களின் நடுவில் அங்கே கைசர் பெர்மனென்ட்டே நிறுவனத்தின் உடற்பருமன் சிகிச்சைத் திட்டத்தை நடத்திய மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி, எடை நன்றாகக் குறைந்துவந்தவர்களே திட்டத்தை விட்டு விலகுவதைக் கவனித்தார். விசாரித்தபோது பலரும் குழந்தைப் பருவப் பாலியல் வன்முறையைச் சொன்னார்கள். ராபர்ட் ஆண்டாவுடன் சேர்ந்து 1998இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 9,508 பேர் இடம்பெற்றனர். ஏழு வகைக் கொடுமைகளில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிநோய், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பு 4 முதல் 12 மடங்கு கூடியிருந்தது. பங்கேற்றவர்கள் மருத்துவக் காப்பீடு உடையவர்கள். ஆகவே வறுமைதான் காரணம் என்று தள்ளிவிட முடியவில்லை. ஆனால் இந்த ஆய்வு உடலுக்குள் நடப்பதைப் பற்றி எதுவும் அளக்கவில்லை. புகை, மது போன்ற பழக்கங்கள் வழியாகவே நோய் வருகிறது என்பதுதான் அதன் முதன்மையான ஊகம். இந்த ஊகம் பின்னால் மீண்டும் தேவைப்படும்.

இன்னொரு தொடக்கம் எலிக்கூண்டில். பிறந்த எலிக்குட்டிகளைத் தினமும் சில நிமிடங்கள் தாயிடமிருந்து பிரித்துத் திருப்பி வைத்தால், அவை வளர்ந்தபின் நெருக்கடியை நன்கு தாங்குகின்றன என்று 1950களில் சீமோர் லெவின் கண்டார். பிரித்ததால் கேடு விளையவேண்டிய இடத்தில் நன்மை விளைந்தது ஏன்? திரும்பி வந்த குட்டியைத் தாய் கூடுதலாக நக்கிக்கொடுப்பதில் விடை இருந்தது. மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழுவினர் 1997இல், இயல்பாகவே அதிகம் நக்கும் தாய்களின் குட்டிகளுக்கு மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பிகள் மிகுந்திருப்பதைக் காட்டினர். நெருக்கடியில் சுரக்கும் ஹார்மோனை இந்த ஏற்பிகள் உணர்ந்து, ‘போதும்’ என்று சுரப்பை நிறுத்தச் சொல்கின்றன. ஏற்பி குறைந்தால் சுரப்பு அடங்கத் தாமதமாகும்.

மெத்தில் தொகுதிகள் ஒட்டி ஒரு மரபணுவின் செயலை அடக்கும் டிஎன்ஏ மெத்திலேற்றத்தில் வல்லுநரான மோஷே ஸிஃப் மீனியுடன் சேர்ந்தபின் 2004இல் வந்தது மையமான கட்டுரை. பிறந்த மறுநாள், இருவகைத் தாய்களின் குட்டிகளிலும் அந்த ஏற்பி மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் தொகுதிகள் ஒட்டியிருந்தன. ஆறாம் நாளுக்குள், நன்றாக நக்கப்பட்ட குட்டிகளில் மட்டும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அவை நீங்கின. அந்த வேறுபாடு வளர்ந்த பின்னும் நீடித்தது. குட்டிகளைத் தாய் மாற்றி வளர்த்தபோது, பெற்றவளின் இயல்பல்ல, வளர்த்தவளின் இயல்பே தீர்மானித்தது. வளர்ந்த எலியின் மூளையில் ட்ரைக்கோஸ்டேட்டின் என்ற மருந்தைச் செலுத்தியபோது வேறுபாடு மறைந்தது. காரணம், காரியம், மீட்பு என மூன்றையும் ஒருங்கே காட்டிய இத்தகைய சோதனை மனிதரிடத்தில் இன்றுவரை இல்லை.

இந்த இரண்டு ஓடைகளும் 2009இல் கலந்தன. கியூபெக்கில் சேமித்த 36 மூளைகளை மெக்கில் குழு ஆராய்ந்தது: தற்கொலை செய்தவர்களில் சிறுவயதில் வதைபட்டோர் 12, வதைபடாதோர் 12, வேறு காரணத்தால் இறந்தோர் 12. வதைபட்டோரிடம் மட்டும் அதே ஏற்பி மரபணுவில் மெத்திலேற்றம் மிகுந்திருந்தது. செய்தி உலகைச் சுற்றியது. குழுவுக்கு 12 பேர் என்பது மட்டும் சுற்றாமல் நின்றுவிட்டது.

அதன் பிறகு பாதை கரடுமுரடானது. உயிரோடிருப்பவரின் மூளையை எடுக்க இயலாது. கிடைப்பது இரத்தமும் உமிழ்நீரும்தான். மெத்திலேற்றமோ திசுவுக்குத் திசு மாறும். 2013இல் மியூனிக்கின் எலிசபெத் பிண்டர் குழு, எஃப்கேபிபி5 என்ற மரபணுவில் துயரத்தால் மெத்திலேற்றம் குறைவதைக் கண்டது. அதுவும் ஒரு குறிப்பிட்ட மரபணு வகையைக் கொண்டவர்களிடம் மட்டுமே. நாஜிப் படுகொலையில் தப்பிய 32 பேரையும் அவர்களின் 22 பிள்ளைகளையும் ஆராய்ந்து ரேச்சல் யெஹூடா குழு வெளியிட்ட கட்டுரை, ‘துயரம் வாரிசுரிமையாகிறது’ என்று பரப்பப்பட்டது. ஒப்பீட்டுக் குழுக்களோடு பார்த்தால் பெற்றோரிடம் அதே எஃப்கேபிபி5 மரபணுவின் மெத்திலேற்றக் குறி கூடியிருந்தது, பிள்ளைகளிடம் குறைந்திருந்தது. பெற்றோரின் குறி அப்படியே கைமாறியதாக இதிலிருந்து சொல்ல முடியாது.

கடுமையான அடி 2018இல் விழுந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994–95இல் பிறந்த இரட்டையர்களில் 1,658 பேரின் இரத்தத்தை 18 வயதில் ஆராய்ந்த மார்ஸி குழு, துயரத்துக்கும் மெத்திலேற்றத்துக்கும் வலுவான தொடர்பு எதையும் காணவில்லை. தென்பட்ட சில தொடர்புகளில் பெரும்பகுதி புகைப்பழக்கத்தின் தடம். ஃபெலிட்டியின் பழைய ஊகம் இங்கே திரும்பி வருகிறது: வதைபட்ட பிள்ளை புகைக்கத் தொடங்குகிறது, புகை இரத்தத்தில் குறியிடுகிறது. அந்தக் குறியைத் துயரத்தின் நேரடிக் கையெழுத்தாகப் படித்தால் பிழை.

என் மதிப்பீட்டில், எலியில் இக்கருதுகோள் உறுதிப்பட்டது. மனிதரில் அது இன்னும் கருதுகோளே. ஆனால் இளமைப் பராமரிப்பு உடலை மாற்றுகிறது என்பதற்கு மெத்தில் தொகுதியின் சாட்சியம் தேவையில்லை. ருமேனியாவில் சர்வாதிகாரி சௌஷெஸ்கு விட்டுச்சென்ற அனாதை இல்லங்களின் 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிய புக்கரெஸ்ட் ஆய்வு 2000இல் தொடங்கியது. சுமார் 12 வயதில் அளந்தபோது, இல்லத்திலேயே விடப்பட்ட பிரிவினருக்கு நெருக்கடியில் கார்டிசால் என்ற நெருக்கடி ஹார்மோன் மந்தமாகவே சுரந்தது. ஏறத்தாழ 2 வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்களுக்கு அது மற்றக் குழந்தைகளைப் போலவே சுரந்தது.