கஞ்சி ஆறட்டும்: தோப்பியும் ஹீட்டிங் எலிமென்ட்டும்

போன மாசம் ஜெர்மனியில இருக்கிற நண்பன் வீடியோ கால்ல ஒரு பாத்திரத்தைக் காட்டினான். வீட்டிலேயே பீர் செய்யற ஆள். உள்ளேயே எலக்ட்ரிக் எலிமென்ட் வச்ச பெரிய ஸ்டீல் பாத்திரம். எலிமென்ட் முழுக்கக் கருப்பு. இருபது லிட்டரும் தீஞ்சு போச்சு. "மச்சான், நம்ம ஊர்ல இதெல்லாம் எப்படிடா காய்ச்சினாங்க?"

கேள்வி வந்தப்போ நான் ஜவ்வாது மலையில, ஜமுனாமரத்தூர்ல இருந்தேன். சாப்பாட்டுக்கடை அக்காகிட்ட அப்படியே கேட்டுட்டேன். "தம்பி, இதை இங்க சத்தமா கேக்காதீங்க"ன்னாங்க. தப்பு என்னோடது. மலை கிராமம்னாலே சாராய ஊறல், ரெய்டுன்னு செய்தி படிச்சு வளர்ந்தவன் நான். அவங்க அந்தச் செய்திக்குள்ளேயே வாழறவங்க.

ஆனா இந்தப் பக்கத்து மதுவுக்கு போலீஸ் ரெக்கார்டை விடப் பழைய ரெக்கார்டு ஒண்ணு இருக்கு. மலைக்குத் தெற்கே இருக்கிற செங்கம்தான், சங்க காலத்துல நன்னன் ஆண்ட ஊர். அவன் மேல பெருங்கௌசிகனார் பாடின மலைபடுகடாம்ல, மலைக்காரங்க விருந்தாளிக்குத் தர்றது மூங்கில் குழாய்ல முதிர்ந்த தேன் கள். அதுக்கு நெருப்பே வேண்டாம். தேன்ல இருக்கிறது எளிய சர்க்கரை, தண்ணி சேர்ந்தா ஈஸ்ட் நேரா சாப்பிட்டுடும்.

தானியம்னா கதை வேற. அரிசியிலயும் பார்லியிலயும் இருக்கிறது ஸ்டார்ச், நீளமான சங்கிலி. ஈஸ்ட்டுக்கு அதைக் கடிக்கப் பல் இல்லை. முளைவிட்ட தானியத்துல இருக்கிற என்சைம்தான் வெட்டிக் கொடுக்கணும். அது 65 டிகிரி பக்கத்துல நல்லா வேலை செய்யும், 80-ஐ நெருங்கினா செத்துடும். அதனாலதான் நண்பன் சென்சார், கன்ட்ரோலர், பம்ப் எல்லாம் வச்சிருக்கான். அப்புறம் வடிச்ச இனிப்புச் சாறை ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கணும். சின்ன எலிமென்ட்ல நிறைய வாட் திணிச்சா, தொடுற இடத்துல சர்க்கரை கருகும். அதே வாட்டை நீளமான எலிமென்ட்ல பரப்பினா கருகாது. அவன் வாங்கினது சின்னது, விலை கம்மின்னு.

இப்போ காஞ்சிபுரம் பக்கம் வாங்க. தொண்டைமான் இளந்திரையனைப் பத்தி உருத்திரங்கண்ணனார் பாடின பெரும்பாணாற்றுப்படைல வீட்டுல செய்யற நெல்லுக்கள்ளுக்குத் தோப்பின்னு பேர். அதே பாட்டுல வலைஞர் வீட்டு மதுவுக்கு முழு ரெசிபியே இருக்கு. எனக்கு இது இலக்கியமா இல்ல, டாக்குமென்டேஷனாத்தான் தெரிஞ்சுது. குத்தாத அரிசியைக் கூழாக் காய்ச்சு. வாய் அகன்ற தட்டுல ஊத்தி ஆறவை. அப்புறம்தான் அடையைக் கல. முளைகட்டின நெல்லை இடிச்சதுன்னு உரைகாரங்க சொல்றாங்க. ரெண்டு பகல், ரெண்டு ராத்திரி. சாடியில முதிரவிட்டு, விரலால பிழிஞ்சு எடு. சுட்ட மீனோட குடு.

ஆர்டரைப் பாருங்க. நண்பன் முளை தானியத்தைப் போட்டுட்டு, சூட்டை டிகிரி டிகிரியாக் காவல் காக்கிறான். இவங்க கொதிக்கிற வேலையை முன்னாடியே முடிச்சுட்டு, ஆறின பிறகு முளையைச் சேர்க்கிறாங்க. என்சைம் கொதிநிலையைப் பார்க்கவே இல்லை. தெர்மாமீட்டர் தேவைப்படாத மாதிரி ப்ராசஸையே எழுதிட்டாங்க. அந்த அகலத் தட்டும் சும்மா இல்ல. எலிமென்ட்ல பரப்பு எதுக்கோ, தட்டுலயும் அதுக்குத்தான். அங்க சூடு பரவி உள்ளே போகுது, இங்க பரவி வெளியே வருது.

1937ல ராஜாஜி அரசு கொண்டு வந்த மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கு. முதல்ல சேலம் மாவட்டத்துல அமலாச்சு. லைசென்ஸ் இல்லாம வீட்டுல மது தயாரிக்கிறது இங்க குற்றம், அதனால இதை நான் செஞ்சு பார்த்துச் சொல்ல முடியாது, நீங்களும் செய்யாதீங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல செத்தாங்களே, அது மெத்தனால். ஆலைக்குப் போக வேண்டிய கெமிக்கல், கூழ் புளிச்சு வந்ததில்லை. ஆனா "காய்ச்சறது"ன்னு நான் கேட்டதும் அந்த அக்காவுக்கு எது ஞாபகம் வந்திருக்கும்னு எனக்குப் புரியுது.

நண்பனுக்கு ரெசிபியை அனுப்பிட்டேன். அங்க அது சட்டப்படி சரி. வாய் அகன்ற தட்டு தேடிட்டிருக்கானாம்.