தோல் தானே பிரியும், அவசரப்படாதீர்கள்



போன வாரம் எண்ணூரிலிருந்து பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், பையனுக்கு எட்டு மாசம். குஞ்சுத் தோல் பின்னால போகல. வெட்டி எடுக்கணும்னு ஒரு இடத்துல சொல்றாங்க. அம்மா, குளிப்பாட்டும்போது எண்ணெய் போட்டுத் தள்ளினா சரியாயிடும்னு சொல்றாங்க. என்ன சார் பண்றது?"

நான் டாக்டர் இல்லை, வரலாறு வாத்தியார். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வசதியான குடும்பங்களில் ஆண் குழந்தைக்கு முன்தோலை நீக்குவது வழக்கமாக இருந்தது. மதக் காரணம் இல்லை, சுத்தம் என்றார்கள். 1949-ல் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற குழந்தை மருத்துவர், பிறந்த குழந்தைகளையும் ஐந்து வயது வரையுள்ள பையன்களையும் பரிசோதித்து ஒரு கட்டுரை எழுதினார். பிறக்கும்போது நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் தோல் முழுதாகப் பின்னால் போனது. மற்றவர்களுக்கு, நகம் சதையோடு ஒட்டியிருப்பதுபோல் தோலின் உட்புறம் மொட்டோடு ஒட்டியிருந்தது. அது நோய் இல்லை, வளர்ச்சியின் ஒரு கட்டம். மூத்திரமும் ஈரத்துணியும் மொட்டைப் புண்ணாக்காமல் அந்தத் தோல் காக்கிறது என்றும் சொன்னார். அன்றைய இங்கிலாந்தில் இந்த அறுவையால் ஆண்டுக்குச் சுமார் 16 சிறு குழந்தைகள் இறந்ததையும் எடுத்துக்காட்டினார். பிறகு அங்கே அந்த வழக்கம் வெகுவாகக் குறைந்தது.

டென்மார்க்கில் ஜேக்கப் ஆஸ்டர் பள்ளி மாணவர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து, 1968-ல் கட்டுரை வெளியிட்டார். சிலருக்கு இந்த ஒட்டு விட பதின்வயதுகூட ஆகிறது என்று தெரிந்தது. 17 வயதில் ஒட்டு மிச்சமிருந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான்.

இப்போது என் கதை. மகனின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். 1983-ல், திருவொற்றியூர் வீட்டில், பெரியவர்கள் பேச்சைக் கேட்டு என் கையாலேயே அவனுக்குத் தோலைப் பலமாகத் தள்ளினேன். ரத்தம் வந்தது. புண் ஆறித் தழும்பாகி இறுகியது. ஆறு வயதில் ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. கெய்ர்ட்னர் எழுதி அப்போது 34 வருஷம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியவில்லை.

மண்ணடியிலும் ராயபுரத்திலும் இஸ்லாமிய நண்பர்கள் வீட்டு மார்க்கக் கல்யாணப் பந்தலில் நான் சாப்பிட்டிருக்கிறேன். அது அவர்களுடைய மார்க்கம். நான் சொல்ல ஒன்றுமில்லை. தேர்ந்த மருத்துவரிடம் செய்யுங்கள், குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத குறை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அவ்வளவுதான். நான் எழுதுவது, பயத்தால் முடிவெடுப்பவர்களுக்கு.

வெளிப்புறத்தை வெந்நீர் ஆறவைத்துக் கழுவினால் போதும். மூத்திரம் போகும்போது அழுதாலோ, நூலாகப் போனாலோ, தோல் வீங்கிச் சிவந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். பின்னால் போன தோல் திரும்ப வராமல் மாட்டிக்கொண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

என் மாணவன் குழந்தை மருத்துவரிடம் காட்டினான். "சும்மா விடுங்க" என்றாராம்.

பேரனைக் குளிப்பாட்டும் பாட்டிமார்களுக்கு இதைக் கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள்.